பாலைவனம் வார்த்த டாங்கி

மோட்டார் சைக்கிளின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் என்ஜினிலேயே மனத்தைப் பறிகொடுத்து, அதன் வேகத்தையும் ஓசையையும், அதை ஓட்டிப் பெயர் பெற்ற வீரர்களின் சாகசங்களையும் விஸ்தாரமாக வர்ணித்திருக்கிறார்கள். ஓட்டுகிறவனின் முழங்கால்களுக்கு நடுவே அமர்ந்து, அவன் எவ்வளவு தூரம் போகலாம், எந்த இடத்தில் நின்று யாரிடம் பெட்ரோல் கேட்கவேண்டும் என்பதை நிர்ணயித்துவிடுகிற டாங்கிக்கு அந்தப் புத்தகங்களில் கிடைத்த இடம் சொற்பம். என் அபிப்பிராயத்தில் இது நியாயமல்ல. கரடுமுரடான மண்பாதையில் ஓட்டுவதற்கென்றே பிறந்த 'டர்ட் பைக்' என்ற ஜாதி வண்டியைப் பொறுத்தவரையில், அதன் உருவத்தை என்ஜின் நிபுணர்கள் எவ்வளவு வகுத்தார்களோ அவ்வளவு பாலைவனமும் வகுத்தது. அந்தப் பாலைவனத்தின் கைவரிசை ஸ்பஷ்டமாகத் தெரிகிற இடம் டாங்கிதான்.

தொழிற்சாலையிலிருந்து வருகிற டர்ட் பைக்கில் சிறிய டாங்கியே இருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ எடை. அதுவும் அசையாமல் இருக்கிற எடையல்ல, வண்டியின் உயரமான பாகத்தில் இருந்துகொண்டு ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு தாவலிலும் அலைமோதுகிற எடை. வளையமாக அமைந்த பாதையில் அரைமணி நேரம் சுற்றிச்சுற்றி ஓடும் மோட்டோகிராஸ் பந்தயத்துக்கு ஏழெட்டு லிட்டர் தாராளமாகப் போதும். அதற்கு மேல் சுமப்பது வீண். ஆனால் அதே வண்டியை வாங்கிய ஒருவன் பந்தயத் திடலை விட்டு, இருநூறு கிலோமீட்டருக்கு ஓர் ஊர் என்ற கணக்கில் மனித வாசம் அருகிக் கிடக்கும் பிரதேசத்துக்குள் அதைச் செலுத்த ஆசைப்பட்டால், முதற்காரியமாகக் கம்பெனி கொடுத்த டாங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, வேறொரு பட்டறையில் செய்த பெரிய டாங்கியை மாட்டிக்கொள்ள வேண்டியதாகிறது. ஆசை தீர்ந்து வண்டியை விற்கும் காலத்தில் அவன் பழைய டாங்கியைத் திரும்ப மாட்டி, பெரியதைத் தனியாக விற்றுவிடுகிறான். இப்படி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறி, கழுவப்பட்டு, வேறொரு வண்டியின் முதுகில் ஏறும் டாங்கிகளுக்கென்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் ஒரு தனி வியாபாரமே நடந்து வருகிறது.

அந்த வியாபாரத்தின் மூலத்தைத் தேடிப் போனால் மெக்ஸிகோ தேசத்தின் வடமேற்கு மூலைக்கு வந்து சேருவோம். ஒரு பக்கம் பசிபிக் சமுத்திரமும் மறுபக்கம் கலிபோர்னியா வளைகுடாவும் மோத, சுமார் 1,200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கள்ளியும் பாறையும் உப்புச் சேறும் மணலுமாகக் கிடக்கும் பாஹா கலிபோர்னியா என்னும் தீபகற்பத்தில், வட எல்லையிலிருந்து தென்கோடி வரை தார்ச்சாலை போட்டு முடித்ததே 1973 டிசம்பரில்தான். அதற்குப் பதினோரு வருஷங்களுக்கு முன்னால், 1962-இல், ஹோண்டா கம்பெனிக்கு ஒரு யோசனை தோன்றியது. ஜப்பானிய வண்டி என்றால் பட்டணத்துப் பிள்ளைகள் கடைத்தெருவுக்குப் போய் வருகிற விளையாட்டுச் சாமான் என்று அமெரிக்கர்கள் எண்ணிவந்த காலம் அது. அந்த எண்ணத்தை மாற்றத் தன்னுடைய புதிய 250 சி.சி. 'ஸ்க்ராம்ப்ளர்' வண்டியைப் பாஹாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டிக் காட்டவேண்டும் என்று கம்பெனி விரும்பியது. அவர்கள் முதலில் அணுகியது பட் எகின்ஸ் என்பவரை. 'தி கிரேட் எஸ்கேப்' என்ற சினிமாவில் ஸ்டீவ் மக்வீனுக்குப் பதிலாக முள்வேலியைத் தாவிக் கடந்தவர் அவரே என்றால் வாசகர்களுக்கு ஆளைப் புரிந்துவிடும். அவர் தாம் போகாமல் தம் தம்பி டேவ் எகின்ஸின் பெயரைச் சொன்னார். டேவ் எகின்ஸும் பில் ராபர்ட்சன் ஜூனியரும் டிஹுவானா நகரத்துத் தந்தி ஆபீஸில் ஒரு காகிதத்தில் நேரமுத்திரை குத்திக்கொண்டு புறப்பட்டு, 1,530 கிலோமீட்டருக்கு மேற்பட்ட காட்டுவழியைக் கடந்து லா பாஸ் நகரத்துத் தந்தி ஆபீஸில் மறுமுத்திரை குத்தியபோது, எகின்ஸ் எடுத்துக்கொண்ட நேரம் 39 மணி 54 நிமிஷம். ராபர்ட்சன் சுமார் ஒரு மணி பிந்தி வந்து சேர்ந்தார். பந்தயத்துக்கு நடுவர் வேண்டும், கடிகாரம் வேண்டும், கொடி வேண்டும் என்றெல்லாம் நினைக்கிற நமக்கு, ஒரு தந்தி குமாஸ்தாவின் ரப்பர் முத்திரையே போதும் என்று அவர்கள் தீர்மானித்த எளிமை வியப்பைத் தருகிறது.

இந்த ஓட்டத்தின் கீர்த்தி பரவி, 1967-இல் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை 1,366 கிலோமீட்டர் தூரத்துக்கு 'மெக்ஸிகன் 1000' என்ற முறையான பந்தயம் ஏற்பட்டது. 68 வண்டிகள் கலந்துகொண்ட அந்த முதல் பந்தயத்தில் வென்றது விக் வில்சனும் டெட் மாங்கல்ஸும் ஓட்டிய ஒரு மணல்வெளிக் கார், 27 மணி 38 நிமிஷத்தில். மோட்டார் சைக்கிள்களில் முதலாவதாக வந்தது ஜே. என். ராபர்ட்ஸும் மால்கம் ஸ்மித்தும் பங்கிட்டுக்கொண்டு ஓட்டிய ஸ்வீடன் தேசத்து ஹஸ்குவர்னா. மறுவருஷமோ, லாரி பெர்க்விஸ்டும் காரி பிரெஸ்டனும் ஓட்டிய ஒரு ஹோண்டா, நான்கு சக்கர வண்டிகள் அனைத்தையும் பின்னால் தள்ளிவிட்டு ஒட்டுமொத்த வெற்றியையே தட்டிக்கொண்டு போயிற்று.

அக்காலத்துப் பாஹாவில் பெட்ரோல் என்பது பங்கில் குழாய் வழியாகப் பாய்கிற திரவமல்ல. பண்ணை வீட்டு முற்றத்தில் பீப்பாயில் வைத்து விற்கிற சரக்கு. அதை ரப்பர் குழாயால் உறிஞ்சி இறக்கி, பதனிட்ட மெல்லிய தோலில் வடிகட்டி டாங்கியில் ஊற்றுவார்கள். பீப்பாயின் அடியில் தண்ணீரும் துருவும் மணலும் தங்கியிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நனைந்த தோல் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரைத் தடுத்துக்கொள்ளும் என்பது அனுபவஸ்தர்களுக்குத் தெரிந்த விஷயம். டாங்கியின் சுத்தத்தைப் பற்றி டர்ட் பைக்காரர்களிடம் இன்று நாம் காணும் அக்கறை, சந்தேகம் என்றுகூடச் சொல்லலாம், அந்தப் பீப்பாய்களின் காலத்தில் வேரூன்றியது என்றே நான் நினைக்கிறேன். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற 'ஜெட்' என்ற சிறு குழலின் துவாரம் மிக நுண்ணியது. அதில் ஒரு துகள் அடைத்தால் நடுக்காட்டில் வண்டி நின்றுவிடும். எல்லைக்கு வடக்கே, கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்திலும் இதே அனுபவந்தான். பார்ஸ்டோ என்ற ஊரிலிருந்து லாஸ் வேகாஸ் வரை ஆயிரக்கணக்கான பேர் ஒரே வரிசையில் நின்று ஒரே சமயத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு புறப்பட்ட பந்தயம் ஒன்று 1967 முதல் நடந்து, 1974-க்குப் பின் பாலைவனத்து ஜீவராசிகளுக்கும் நிலத்துக்கும் நேரும் சேதத்தைக் கருதி அரசாங்கம் அனுமதி மறுத்ததால் பல வருஷம் நின்றுபோயிற்று. நின்றது நல்லதற்கே என்று சொல்லுகிறவர்களோடு நான் வாதாட மாட்டேன்.

பெரிய டாங்கி வேண்டும் என்ற தேவை இவ்வாறு பாலைவனத்தில் பிறந்தது சரி. அதை எதனால் செய்வது? இந்தக் கேள்விக்கு மூன்று விடைகள் தோன்றி மூன்றும் குறைபட்டுப்போன பிறகுதான் நாலாவது விடை கிடைத்தது. இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி இரு பாதிகளாக்கி ஒட்டவைக்கிற முறை மிகப் பழையது, உறுதியானது, ஆனால் அந்த அழுத்து அச்சுக்கு ஆகும் செலவு மிகப் பெரிது, ஆயிரக்கணக்கில் டாங்கி செய்கிற கம்பெனிக்குத்தான் கட்டுபடியாகும், ஐம்பது பேர் கேட்கிறார்கள் என்பதற்காக எவனும் அச்சு வெட்டமாட்டான். அலுமினியம் எடை குறைந்தது. 1973-இல் வெளிவந்து மோட்டோகிராஸ் உலகத்தைக் கலக்கிய ஹோண்டா எல்சினோர் 250-க்கு அலுமினிய டாங்கிதான். ஆனால் அது விழுந்தால் நசுங்கும், அதிர்வில் ஒட்டுவாய் விரியும், விலையும் அதிகம். மூன்றாவது, பிசினில் தோய்த்த கண்ணாடி நார். இங்கிலாந்தில் டெரெக், டான் என்ற ரிக்மன் சகோதரர்கள் தம்முடைய 'மெட்டிஸ்' வண்டிகளுக்கும், ஸ்பெயின் தேசத்து புல்டாகோ கம்பெனியார் தம்முடைய வண்டிகளுக்கும் கண்ணாடி நாரில் வார்த்த டாங்கிகள் இன்று பார்த்தாலும் கண்ணைப் பறிக்கின்றன. அழகுக்கு மட்டும் பரிசு என்றால் அவற்றுக்குத்தான் கொடுக்கவேண்டும். ஆனால் அந்த டாங்கி கல்லில் மோதினால் நசுங்குவதில்லை, உடைகிறது. உடைந்த டாங்கிக்கு அடியில் சூடேறிய என்ஜின் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் அழகு மறந்துவிடுகிறது. பிற்காலத்தில் பெட்ரோலில் எத்தனால் என்ற சாராயச் சத்தைக் கலக்கத் தொடங்கியதும், அந்தச் சத்து பழைய பிசினை மெல்லக் கரைத்து, கூழாக்கி, கார்புரேட்டருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஸ்பானிய வண்டிகளைச் சேகரிக்கிறவர்களின் துயரங்களில் இது பிரதானமானது.

நாலாவது விடையின் கதை மோட்டார் சைக்கிளோடு சம்பந்தமே இல்லாத இடத்தில் தொடங்குகிறது. 1933-இல் இங்கிலாந்தில் நார்த்விச் என்ற ஊரில், ஐ.ஸி.ஐ. கம்பெனியின் ரசாயன சாலையில், ரெஜினால்டு கிப்ஸன், எரிக் ஃபாஸெட் என்ற இருவர், எத்திலீன் வாயுவைக் கடும் அழுத்தத்துக்கு உட்படுத்திச் செய்த ஒரு பரிசோதனையில் எதிர்பாராமல் மெழுகுபோன்ற வெள்ளைப் பொருள் ஒன்று மிஞ்சிற்று. அதுதான் பாலிஎத்திலீன். யுத்த காலத்தில் ராடார் கருவிகளின் மின்கம்பிகளுக்கு உறையாக உதவியது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் கம்பெனியின் ஹோகன், பாங்க்ஸ் என்பவர்களும், ஜெர்மனியில் கார்ல் ஸீக்லரும் தனித்தனியே கண்ட வழிகளால் அது முன்னிலும் கடினமான, சூட்டைத் தாங்குகிற வடிவம் பெற்றது. ஃபிலிப்ஸ் கம்பெனியார் செய்து குவித்த முதற்சரக்கு தரம் சீராக வராமல் கிடங்கில் தேங்கிக் கிடந்தபோது, அதை வாங்கித் தீர்த்தவர்கள் இடுப்பில் மாட்டிச் சுழற்றுகிற 'ஹூலா ஹூப்' வளையம் செய்த விளையாட்டுச் சாமான் கம்பெனியார். பாலைவனத்தில் மனிதனைக் காப்பாற்றப் போகிற பொருள் குழந்தைகளின் இடுப்பில் சுழன்று பிழைத்தது என்பது ரசாயன சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்று.

அந்தப் பொருளை டாங்கியாக்குகிற முறைகளில் சிறு பட்டறைகளுக்கு ஏற்றதாக அமைந்தது சுழற்சி வார்ப்பு. உள்ளே கூடான உலோக அச்சில் பாலிஎத்திலீன் தூளை அளந்து போட்டு மூடி, அச்சைச் சூளைக்குள் செலுத்தி, குறுக்கிலும் நெடுக்கிலுமாக இரு திசைகளிலும் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். தூள் உருகி உட்சுவரெங்கும் படிந்து, ஆறிய பிறகு, ஒட்டுவாயே இல்லாத ஒற்றைக் கூடாக வெளியே வரும். இதில் அழுத்தம் என்பது கிடையாது, ஆகையால் அச்சு கனமாக இருக்கவேண்டியதில்லை, ஆகையால் மலிவு. மற்ற குணங்களைக் காட்டிலும் இந்த மலிவைத்தான் நான் பெரிதாகச் சொல்லுவேன். இரும்பு அச்சின் விலைக்கு அஞ்சியவர்கள் எல்லாரும் இப்போது துணிந்து, இன்ன வருஷத்து இன்ன வண்டிக்கு இவ்வளவு லிட்டர் டாங்கி என்று நூற்றுக்கணக்கில் செய்து விற்க முடிந்தது. தூரம் தேவையை உண்டாக்கிற்று. மலிவான அச்சு தொழிலை உண்டாக்கிற்று.

வண்டிக்குப் பிளாஸ்டிக் பொருந்தும் என்ற நம்பிக்கையை முதலில் ஊட்டியவர்களில் அமெரிக்கப் பந்தயக்காரர் பிரெஸ்டன் பெட்டி முக்கியமானவர். வளைத்தாலும் முறுக்கினாலும் உடையாத அவருடைய மட்கார்டுகள் 1970-களின் தொடக்கத்தில் அலுமினிய மட்கார்டுகளை விரட்டியடித்தன. ஐரோப்பாவில், வட இத்தாலியில் பெர்காமோ ஜில்லாவைச் சேர்ந்த அல்பினோ என்ற சிற்றூரில், 1973-இல் பிராங்கோ அசர்பிஸ் தம் பெயராலேயே ஒரு தொழிலைத் தொடங்கினார். அந்த ஊர் அதற்கு ஏற்ற இடந்தான். பெர்காமோவின் மலைப் பள்ளத்தாக்குகள் நெடுந்தூர மண்பாதைப் பந்தயங்களுக்குப் பேர் போனவை. 1913-இல் இங்கிலாந்தில் கார்லைலில் தொடங்கிய ஆறு நாள் சர்வதேசச் சோதனை ஓட்டம் 1968-இல் அந்த ஜில்லாவின் ஸான் பெல்லகிரினோவில்தான் நடைபெற்றது. இன்று உலகத்தின் எந்த மூலையிலும் ஒரு டர்ட் பைக்காரனிடம் பெரிய டாங்கி என்று சொன்னால் அவன் வாயில் முதலில் வருகிற பெயர்களில் அசர்பிஸ் ஒன்று.

பாஹா பெற்றெடுத்த பெரிய டாங்கியை உலகப் பிரசித்தமாக்கியது ஆப்பிரிக்கா. 1977-இல் அபிஜான் நகரத்திலிருந்து நீஸ் வரை நடந்த ஓட்டத்தில் கலந்துகொண்ட தியெரி ஸபீன் என்ற பிரெஞ்சுக்காரர், லிபியப் பாலைவனத்தில் வழிதவறி மரணத்தின் வாயிலிருந்து மீட்கப்பட்டார். மற்றவனாக இருந்தால் பாலைவனத்துக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பான். ஸபீனோ தாம் கண்ட பேரழகையும் பேரச்சத்தையும் மற்றவர்களுக்கும் காட்டவேண்டும் என்று எண்ணி, 1978 டிசம்பர் 26-ஆம் தேதி பாரிஸிலிருந்து டக்கருக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டத்தைக் கிளப்பிவிட்டார். 182 வண்டிகள் புறப்பட்டன; 74 போய்ச் சேர்ந்தன; கார் லாரி எல்லாவற்றையும் முந்திக்கொண்டு முதலில் வந்தவர் யமஹா எக்ஸ்.டி. 500 ஓட்டிய ஸிரில் நெவூ என்ற இளைஞர். 1983-இல் யமஹா கம்பெனி 30 லிட்டர் டாங்கியோடு ஒரு வண்டியைக் கடைக்கே கொண்டுவந்து, நைஜர் நாட்டுப் பாலைவனத்தின் பெயரான 'தெனெரே' என்பதை அதற்குச் சூட்டியது. அடுத்த வருஷம் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 32 லிட்டர் டாங்கியோடு போட்டிக்கு வந்தது. 1986 முதல் நான்கு வருஷம் தொடர்ந்து வென்ற ஹோண்டாவின் பந்தய வண்டி 50 லிட்டருக்கு மேல் சுமந்தது. 1986 ஜனவரியில் மாலி தேசத்தில் ஹெலிகாப்டர் விபத்தில் ஸபீன் மாண்டார், ஓட்டம் நிற்கவில்லை. பிற்காலத்தில் தென் அமெரிக்காவுக்கு மாறிய அதே ஓட்டத்தில், 2015-இல் நம் ஓசூர் டி.வி.எஸ். தொழிற்சாலையும் பிரான்ஸின் ஷெர்கோவோடு சேர்ந்து கால் வைத்தது.

இனி, பழைய டாங்கியைக் கழுவுகிற கலைக்கு வருவோம். கலை என்று சொல்லுவது மிகையல்ல. பொருள் மாறமாற முறையும் மாறி வந்திருக்கிறது. இரும்பு டாங்கிக்கு எதிரி துரு. கூழாங்கல், நட்டு போல்ட், துண்டுச் சங்கிலி இவற்றில் ஏதேனும் ஒன்றை உள்ளே போட்டு, மண்ணெண்ணெயோ பெட்ரோலோ சிறிது ஊற்றி, கை ஓயக் குலுக்குவது பட்டறைகளின் பூர்வ வழக்கம்; விவேகமுள்ள மெக்கானிக் உள்ளே போடும் நட்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுப்பான், விவேகமற்றவன் வாழ்நாள் முழுதும் 'கடகட' என்று சத்தம் போடும் டாங்கியைத் தருவான். குலுக்கலில் போகாத துருவுக்குப் புளிப்பு. நம் வீட்டுப் பெண்கள் புளியைத் தேய்த்துப் பித்தளைக் குடத்தின் களிம்பைப் போக்குகிற அதே நியாயத்தில், அமெரிக்கர்கள் வினிகரையோ பாஸ்பாரிக் அமிலத்தையோ ஊற்றி ஊறவைத்தார்கள். அமிலத்தைக் கொட்டித் தண்ணீரில் அலசி அப்படியே வைத்தால், வெறும் இரும்பின்மேல் சில மணிக்குள் புதுத் துரு பூத்துவிடும். ஆகையால் உடனே உலர்த்தி எண்ணெய் காட்டவேண்டும். அலுமினியத்துக்கோ காரம் ஆகாது. காஸ்டிக் சோடாவை ஊற்றினவன் டாங்கியின் சுவரையே கரைத்து, கூடவே எரிகிற ஹைட்ரஜன் வாயுவையும் கிளப்பிவிடுவான். கண்ணாடி நாருக்குக் குலுக்கலும் ஆகாது, அமிலமும் ஆகாது. உட்புறத்தில் ஒரு பூச்சைப் பூசிக் காப்பாற்றுவார்கள், அந்தப் பூச்சும் ஒருநாள் தோலாய் உரிந்து, பெட்ரோலைத் திறந்து மூடுகிற 'காக்' என்ற குழாயை அடைக்கும்.

பாலிஎத்திலீன் டாங்கியின் முன்னால் இத்தனை வித்தைக்கும் வேலையில்லை. துரு என்பது அதற்குத் தெரியாது. ஆனாலும் பலவருஷம் கொட்டகையில் கிடந்த டாங்கியைத் திறந்து பார்த்தால், பெட்ரோல் ஆவியாகிப் போய், பழுப்பு நிறத்தில் பிசுபிசுத்த கசடு அடியில் உறைந்திருக்கும். அதன் புளித்த நாற்றம் ஒரு தடவை மோந்தவனுக்கு மறக்காது. பழைய சொந்தக்காரன் ஓடித் திரிந்த நிலத்தின் நுண்புழுதி அந்தக் கசடோடு கலந்து, கைக்கு எட்டாத மூலைமுடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் காக்கையும் மூடியையும் கழற்றிவிட்டு, முதலில் கொஞ்சம் புதுப் பெட்ரோலை ஊற்றி ஊறவைத்துக் குலுக்கி, துணியில் வடித்துப் பார்க்கவேண்டும். துணியில் தங்குவதைக் கண்டால் எத்தனை தடவை திருப்பிச் செய்யவேண்டும் என்பது தானே விளங்கும். பிறகு பாத்திரம் கழுவுகிற சோப்பும் வெந்நீரும், பிறகு நல்ல தண்ணீர், பிறகு வெயில். வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் விடாமல் டப்பாவில் பிடித்து வைப்பது நாகரிகம். புதிதாக வாங்கிய டாங்கிக்குக்கூட ஒரு அலசல் அவசியம், ஏனெனில் துவாரம் போடும்போது சீவிய பிளாஸ்டிக் சுருள்கள் உள்ளே கிடக்கும். இவ்வளவு கழுவிய பின்னும் வாசனை போகாது. பெட்ரோல் அந்தச் சுவருக்குள்ளேயே ஊறியிருக்கிறது. கழுவியாயிற்று என்ற தைரியத்தில் அதன் அருகே நெருப்பைக் கொண்டுபோகிறவனைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

அந்த ஊறுகிற குணந்தான் இந்தப் பொருளின் பெருங்குறை. பெட்ரோல் சுவரின் வழியே அணுவணுவாகக் கசிந்து ஆவியாய்ப் போய்க்கொண்டே இருக்கிறது. வெளியே ஒட்டிய பகட்டான ஸ்டிக்கர்கள் கொப்புளம் கொப்புளமாய்க் கிளம்புவதற்கு அதுவே காரணம். 2008-ஆம் வருஷ மாடல் முதல், தொழிற்சாலை டர்ட் பைக்குகளின் டாங்கியிலிருந்து சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 1.5 கிராமுக்கு மேல் பெட்ரோல் ஊடுருவிப் போகலாகாது என்று அமெரிக்க அரசாங்கம் சட்டம் செய்தது. பெயிண்டோ, உட்பூச்சோ, பசையோ இந்தப் பிளாஸ்டிக்கில் நிலைப்பதில்லை. ஆகையால் வெடித்த டாங்கிக்கு எபாக்ஸி பூசி 'கெட்டியாய் இருக்கிறது' என்று விற்கிறவனிடம் வாங்குவது பணத்தைக் கிணற்றில் போடுவதாகும். வெள்ளை டாங்கி வெயிலாலும் பெட்ரோலாலும் மஞ்சளாகும். பிளேடால் சுரண்டி, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து ஓரளவு மீட்கலாம், முழுதும் மீட்க முடியாது. என் கண்ணுக்கு அந்த மஞ்சள் குறையாகத் தோன்றுவதில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே பெட்ரோல் எவ்வளவு நிற்கிறது என்று நிழலாய்த் தெரிகிற சௌகரியம் இரும்புக்கு ஏது?

மாட்டுகிற வேலை கழுவுகிற வேலையைவிடப் பொறுமையைக் கேட்கும். இரவு முழுவதும் தண்ணீர் நிரப்பி வைத்து, வார்ப்பில் பதித்த பித்தளை நட்டுகளைச் சுற்றி ஈரம் கசிகிறதா என்று காலையில் பார்ப்பது முதற்காரியம். யாரோ முரட்டுத்தனமாய் முடுக்கியதால் அந்த நட்டு பிளாஸ்டிக்குக்குள்ளேயே சுழல ஆரம்பித்திருந்தால் டாங்கியின் ஆயுள் முடிந்தது. பழைய காக்கின் ஓ-ரிங் காய்ந்து வெடித்திருக்கும். மலிவான சாமான், மாற்றிவிடுவதே மேல். பெட்ரோல் ஊறிய பாலிஎத்திலீன் சிறிது வீங்கும் என்பதால், உலர்ந்த டாங்கியில் சரியாய் நின்ற போல்ட் துவாரம் நிரப்பிய பின் மயிரிழை விலகி நிற்பதுண்டு. அதனால் எல்லாப் போல்ட்டுகளையும் கையால் தொடங்கிவிட்டுப் பிறகே முடுக்கவேண்டும். மூடியின் காற்றுக்குழாய் மடிந்திருக்கக் கூடாது. கார்புரேட்டருக்குப் போகும் குழாயில், பூமியின் ஈர்ப்பினால் மட்டும் இறங்கும் பெட்ரோலுக்குக் காகித வடிகட்டி பெருந்தடை. வலை வடிகட்டி போதும்.

பெரிய டாங்கிக்கென்று ஒரு தனி விசித்திரம் உண்டு. எடையைத் தாழ்வாக வைப்பதற்காக அதன் இரு பக்கங்களும் சேணத்துப் பைகளைப்போல் என்ஜினை அணைத்துக் கீழே தொங்குகின்றன. கடைசிச் சில லிட்டர்கள் காக் இல்லாத பக்கத்தில் தேங்கிவிடும். அப்போது ஓட்டுகிறவன் இறங்கி, வண்டியை மெல்லத் தரையோடு சாய்த்து, பெட்ரோலை மறுபக்கத்துக்கு வழியவிட்டு, நிமிர்த்தி, மறுபடி புறப்படுகிறான். வழியே போகிறவர்கள் வண்டி விழுந்துவிட்டது என்று உதவிக்கு ஓடிவருவார்கள். சில டாங்கிகளில் கீழ்ப்பகுதி கார்புரேட்டரைவிடத் தாழ்ந்திருப்பதால், என்ஜினின் உறிஞ்சு விசையால் இயங்கும் சிறு பம்பு வைத்துப் பெட்ரோலை மேலேற்றுகிறார்கள். 1981 முதல் பந்தய வண்டிகளில் தண்ணீர்க் குளிர்ச்சி வந்து, டாங்கியின் இருபுறமும் ரேடியேட்டர்கள் இடம்பிடித்துக்கொண்டன. அவற்றின் பிளாஸ்டிக் உறைகளையும் டாங்கியிலேயே திருகவேண்டியதாயிற்று. அந்த உறைகளைத் திருகும் போல்ட்டுகள் நுழைகிற சிறு இரும்புக் குழல்கள் இல்லாவிட்டால், முடுக்க முடுக்கப் பிளாஸ்டிக் நசுங்கும்.

2008-க்குப் பிறகு மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் என்ஜின்கள் மோட்டோகிராஸ் வண்டிகளுக்கு வந்ததும் பம்பு டாங்கிக்குள்ளேயே குடியேறிவிட்டது; பழைய டாங்கி வாங்குகிறவன் பம்பின் வளையம் பொருந்துமா, அதன் ரப்பர் தடுப்பு வீங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டிய புதுக் கவலையும் சேர்ந்தது. ஆனால் 1990-களில் பிறந்து, கார்புரேட்டரோடு பல காலம் மாறாமல் விற்ற ஹோண்டா எக்ஸ்.ஆர். 650 எல்., சுஸுகி டி.ஆர். 650 போன்ற வண்டிகளுக்கு அந்தக் கவலை இல்லை. சுஸுகிக்குக் கம்பெனி கொடுத்தது 13 லிட்டர். இத்தாலிய டாங்கி 20 லிட்டர். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுத் தூரங்களை மனத்தில் வைத்து அங்கே வார்த்தது 30 லிட்டர். முப்பது வருஷங்களுக்கு முன் வார்த்த டாங்கி நேற்று வாங்கிய வண்டியில் உட்காருகிறது. மூன்றாவது கைக்கு மாறினாலும் பாதி விலைக்குக் குறையாமல் கேட்கிறார்கள். வாங்குகிறவன் அனுபவஸ்தனானால் விலையைப் பேசுவதற்கு முன்னால், அந்தச் சிறு இரும்புக் குழல்களும் ரப்பர் வாஷர்களும் கூட வருகின்றனவா என்று கேட்டு வைத்துக்கொள்ளுகிறான்; டாங்கி எங்கும் கிடைக்கும், அவைதாம் கிடைப்பதில்லை.